செங்கல் வைத்த மேசை

இடுப்புக்குக் கீழே, முதுகுத்தண்டு முடிகிற இடத்தில், யாரோ ஆணி அடித்துவிட்டுப் பிடுங்க மறந்துபோனதுபோல் வலித்தது. நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்தால் வலி தொடைக்கு இறங்கியது. நிமிர்ந்தால் மேலே ஏறியது. எழுந்து நின்றால் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நகரவிடவில்லை. சிமெண்டு மூட்டை சுமந்த அப்பாவுக்கு வந்த அதே இடத்தில்தான் அவளுக்கும் வந்திருந்தது. அப்பாவுக்கு வந்தபோது எல்லாரும் நம்பினார்கள். அவளுக்கு வந்தபோது கூடப் பிறந்த அக்காவே சிரித்தாள்.

"உட்கார்ந்த இடத்துல சம்பாதிக்கிறவளுக்கு இடுப்பு வலியாம். நாற்காலிதான்டி உன்னைத் தூக்கிட்டு நிக்குது. வலிச்சா அதுக்குத்தான் வலிக்கணும்."

அவள் வேலை பார்த்த கம்பெனி டேட்டாபேஸ் சர்வர் விற்றது. கடைக்காரர், கிடங்குக்காரர், பஸ் கம்பெனிக்காரர் என்று எல்லாருடைய கணக்கையும் வாங்கி வைத்துக்கொண்டு, கேட்டபோது கேட்டபடி எடுத்துக் கொடுக்கிற மென்பொருள். ஓடுகிறவரை அதை யாரும் நினைப்பதில்லை. விழுந்தால்தான் அப்படி ஒன்று இருந்ததே தெரியும். ஏன் விழுந்தது என்று தோண்டிப் பார்ப்பது அவள் வேலை. பிணத்தை அறுத்துச் சாவுக்குக் காரணம் எழுதுகிறவரின் வேலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. நாற்றம் மட்டும் கிடையாது. அலுவலகத்தில் அவளுக்கு மோப்பம் என்று பெயர் வைத்திருந்தார்கள். நாய்க்கு வைக்கிற பெயர்தான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டால் இதைவிட மோசமாக ஒன்று வைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த அலுவலகத்தில் ஒரு செங்கல் உண்டு. நிஜச் செங்கல். கட்டடம் கட்டியபோது மிஞ்சியதில் ஒன்றை எவனோ எடுத்துவந்து சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்தான். சர்வர் விழும்போது, கடைசியாக எந்த ஃபங்ஷனில், அதாவது மென்பொருளின் எந்தத் துண்டில், நின்றேன் என்று ஒரு குறிப்பை எழுதிப்போட்டுவிட்டுத்தான் விழும். அந்தக் குறிப்பின் முதல் வரியில் இருக்கிற ஃபங்ஷனை யார் எழுதினாரோ, அவர் மேசையில் செங்கல் ஏறும். பிழை தீருகிறவரை இறங்காது. போகிறவர் வருகிறவரெல்லாம் அதைத் தட்டிப் பார்த்து, "வீடு எந்த அளவுல நிக்குது? கிரகப்பிரவேசம் எப்போ?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். எல்லாம் விளையாட்டு என்பார்கள். விளையாட்டில் தோற்றவனுக்குச் சம்பள உயர்வு கிடையாது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

செங்கல்லின் எடை அந்த அலுவலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு போய்ச் சும்மாடு கட்டிச் சுமந்திருக்கிறாள். அதனால் அந்தச் சிரிப்பில் அவள் ஒருநாளும் சேர்ந்ததில்லை.

அக்கா புருஷன் மேசையில் அந்தச் செங்கல் ஒரு மழைக்காலம் முழுக்க இருந்தது.

அத்தான் முதலில் அவளோடு வேலை பார்த்தவர்தான். அப்புறம்தான் அத்தான் ஆனார். நல்ல மனுஷன், குடி கிடையாது, சத்தம் போட்டுப் பேசத் தெரியாது என்று அவள்தான் வீட்டில் சொல்லி அக்காவுக்குப் பேசி முடித்தாள். சர்வருக்குள்ளே ஹீப் என்ற பகுதியை எழுதியவர் அவர். ஹீப் என்பது பொதுச் சரக்கறை. மென்பொருளின் எந்தப் பகுதிக்கு மெமரியில் இடம் தேவைப்பட்டாலும் அங்கே போய்க் கேட்க வேண்டும். அத்தானுடைய ஃபங்ஷன் அளந்து கொடுக்கும். வேலை முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளும். எந்த இடம் யாரிடம் இருக்கிறது என்ற கணக்கையும் ஒவ்வொரு இடத்தின் தலையிலும் அதுவே எழுதி வைக்கும்.

துறைமுகக் கிடங்கு ஒன்றில் சர்வர் விழத் தொடங்கியது. விழுந்தால் எந்தப் பெட்டி எந்த லாரிக்கு என்று தெரியாமல் வாசலில் லாரிகள் வரிசை கட்டும். சுமைக்காரர்கள் வெயிலில் நிற்பார்கள். நிற்கிற நேரத்துக்குக் கூலி கிடையாது. ஒவ்வொரு முறையும் குறிப்பின் முதல் வரியில் அத்தானின் ஃபங்ஷன், இடத்தைத் திருப்பி வாங்குகிற ஃபங்ஷன், நின்றது. கூட்டம் போட்டார்கள். மேலாளர் அவளைப் பார்த்து, "முதல் வரியைப் படிம்மா" என்றார். படித்தாள். "யார் எழுதினது?" என்றார். சொன்னாள்.

"சார், என் கணக்கை யாரோ வெளியிலேர்ந்து வந்து அழிக்கிறாங்க. நான் எழுதி வெச்ச இடத்துல வேற என்னமோ இருக்கு" என்றார் அத்தான்.

"பேய் வந்து எழுதுதா?" என்றான் ஒருவன். சிரித்தார்கள். மேலாளரும் சிரித்தார். அத்தான் சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர் என்பது அன்றைக்கு அவருக்கு உதவவில்லை.

அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, அவள் பக்கத்து இருக்கை மொட்டையிடம் ஹீப்பை முழுக்கத் திருப்பி எழுதச் சொன்னார்கள். தலையில் முடி நிறைய இருந்தாலும் அவனுக்குப் பெயர் மொட்டைதான். மாற்றி எழுதியதும் சர்வர் விழுவது நின்றது. அதுதான் அத்தானுக்கு விழுந்த பெரிய அடி. போனது வேலை மட்டுமில்லை. அவர் போனதும் வியாதி தீர்ந்தது என்று ஆகிவிட்டது. அந்தத் தொழிலில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். மெமரியைக் கெடுத்தவர் என்ற பேச்சு அவருக்கு முன்னால் ஒவ்வொரு கம்பெனிக்கும் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது ஒரு கடையில் பிரிண்டர் பழுது பார்க்கிறார். மை நிரப்புகிறார். விரல் நுனியெல்லாம் கறுப்பு. சோப்பு போட்டாலும் போவதில்லை.

அந்த வீட்டில் அடுப்பு எரிவது இப்போது அவள் சம்பளத்தில். அக்காவும் அத்தானும் அவர்களுடைய இரண்டு பெண்களும் அவளும் ஒரே கூரைக்கு அடியில்தான். அதனால் எதையும் யாரிடமும் மறைக்க முடியாது. சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைக்கிற சத்தத்திலேயே யார் மேல் யாருக்குக் கோபம் என்று தெரிந்துவிடும்.

அன்றைக்குக் காலையில் அக்கா தட்டை மெதுவாக வைத்தாள். அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"உங்க அத்தானை ஒரு கம்பெனில பிடிச்சுப்போச்சாம். ரெண்டு தடவை கூப்பிட்டுப் பேசிட்டாங்க. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிட்டாராம். இனி பழைய கம்பெனில ஒரு வார்த்தை கேப்பாங்களாம். அவ்வளவுதான் மிச்சம்."

"யார்கிட்ட கேப்பாங்க?"

"வேற யாரு, உங்க மேலாளர்கிட்டதான். இந்த வாரத்துக்குள்ள போன் வருமாம்."

அத்தான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அவளை எதுக்கு இழுக்கற? அவ அங்க வேலை பாக்கணும்ல" என்றார்.

"நான் இழுக்கறேனா? இவ பாத்து வெச்ச மாப்பிள்ளைதானே நீங்க. வாங்கின கடையிலதானே போய்க் கேக்கணும்!"

சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்காததால் அவளும் நிறுத்திக்கொண்டாள்.

அலுவலகத்துக்குப் போனால் மொட்டையின் மேசையில் செங்கல் இருந்தது.

"வந்துட்டியா மோப்பம்? பாரு, எனக்கும் மனை கிடைச்சிடுச்சு." சிரிக்க முயன்றான், முகம் ஒத்துழைக்கவில்லை. "அதே கிடங்கு. அதே விழுகை. முதல் வரில இப்ப நான். நான் ஒவ்வொரு எழுத்தா பார்த்துட்டேன். சத்தியமா எங்கயும் ஒண்ணும் இல்லை."

அவள் அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்புக்காக மட்டும் அல்ல. அத்தான் எழுதியதில் ஒரு வரியைக்கூட மொட்டை வைத்துக்கொள்ளவில்லை. முழுக்க வேறு. முழுக்க வேறாக எழுதப்பட்ட இரண்டும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி செத்திருக்கின்றன. அப்படியென்றால் கொன்றது இரண்டு பேருமே இல்லை.

மேலாளரின் அறைக்குப் போனாள். நரை விழாத, எப்போதும் இஸ்திரி கலையாத மனிதர். அறைச் சுவரில் அவர் விருது வாங்கிய படம் ஒன்று தொங்கியது. சர்வரின் வரிசைப்படுத்தும் பகுதியை, எந்தப் போட்டிக் கம்பெனியாலும் தொட முடியாத வேகத்தில் எழுதியதற்கு வாங்கியது. அந்த வேகத்தில்தான் அவர் அந்த நாற்காலிக்கே வந்து சேர்ந்தார் என்று எல்லாருக்கும் தெரியும். அவரே அடிக்கடி சொல்வார்.

"இதை நீயே பாரும்மா. கிடங்குக்காரங்க விட்டுட்டுப் போயிடுவோம்னு மிரட்டுறாங்க."

"பாக்கறேன் சார். ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"எங்க அத்தான் மேல போட்டதும் இதே பிழைதான். இது வேற இடத்துலேர்ந்து வருதுன்னு காட்டிட்டா, அவர் தப்பு இல்லைன்னு சொல்வீங்களா? உங்களுக்கு ஒரு போன் வரும். வேற கம்பெனிலேர்ந்து."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது நியாயமான கம்பெனிம்மா. யார் தப்புன்னு நீ காட்டு. என் வாயாலயே சொல்றேன்."

அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். போன் வருவதற்குள் பிடித்தாக வேண்டும்.

தன் கணினியில் சர்வரை ஓடவிட்டு என்னென்னவோ செய்து பார்த்தாள். விழவில்லை. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்பதுபோல் கேட்டாள். விழவில்லை. வைத்தியரிடம் போனதும் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிவிடுவதுபோல் அது அவளிடம் மட்டும் சமர்த்தாக ஓடியது. கடைசியில் கிடங்கு குமாஸ்தாவுக்கே போன் போட்டாள்.

"அண்ணே, விழறதுக்கு முன்னாடி நீங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?"

"என்னத்தம்மா செய்யறது. ரிப்போர்ட் எடுத்துக்கிட்டு இருந்தோம்."

"என்ன ரிப்போர்ட்?"

"எல்லாந்தான். எது எது வேணும்னு கட்டம் கட்டமா கேக்கும்ல, எல்லாத்துலயும் டிக் போட்டுருவோம். மேல இருக்கிற ஆளுக்கு ரிப்போர்ட் தடியா இருக்கணும். படிக்க மாட்டாரு, தூக்கிப் பாப்பாரு. லேசா இருந்தா வேலை செய்யலைன்னு திட்டுவாரு."

அவள் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டாள். சர்வர் கல் விழுந்த பானைபோலப் போனது.

செத்துப்போனதன் உள்ளே பார்த்தாள். ஹீப் தன் கணக்கை எழுதி வைத்திருந்த இடத்தில் கணக்கு இல்லை. அதன் மேல் ஒரு எண் வரிசை கிடந்தது. சுழியம், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஒழுங்காக, பள்ளிப் பிள்ளை எழுதியதுபோல் போய்க்கொண்டே இருந்தது. ஹீப் ஒருநாளும் அப்படி எண்ணாது. கட்டங்களை எண்ணுகிறவன் எவனோ வந்து எழுதியிருக்கிறான். அத்தான் அன்றைக்குச் சொன்னது இதைத்தான்.

எழுதுகிறவனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். பிழை தேடுகிற டீபக்கர் கருவியில் அந்த ஒரு இடத்துக்குக் கண்ணி வைத்தாள். இங்கே ஹீப்பைத் தவிர வேறு யார் எழுதினாலும் எழுதிய கையோடு நிறுத்து என்று சொல்லிவிட்டு, மறுபடியும் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டாள்.

நின்றது. திரையில் இருந்த பெயரைப் பார்த்தாள். நம்பாமல் மறுபடி ஓடவிட்டாள். அதே இடத்தில் நின்றது. மேலாளரின் வரிசைப்படுத்தும் ஃபங்ஷன்.

நடந்தது இதுதான். சர்வரில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு த்ரெட், ஒரு கூலியாள் மாதிரி, அமர்த்தப்படும். அந்த ஆள் நின்று வேலை செய்ய அவனுக்கென்று ஒரு சின்ன இடம் உண்டு. அதுதான் ஸ்டாக். வேலை ஏற ஏறச் சாமான்களை மேலிருந்து கீழாக அடுக்கிக்கொண்டு வருவான்; முடிய முடிய எடுத்துவிடுவான். அவன் இடம் முடிகிற கோட்டில் ஒரு வெற்றுப் பட்டை இருக்கும். காவல் பட்டை. அதில் யார் கால் பட்டாலும் சர்வர் அங்கேயே விழும். கால் வைத்தவன் பெயர்தான் முதல் வரியில் ஏறும். பட்டைக்கு அந்தப் பக்கம் ஹீப்.

மேலாளர் தன் வரிசைக்குத் தேவையான பெரிய அட்டவணையை ஹீப்பிடம் கேட்டு வாங்கவில்லை. கேட்டு வாங்க நேரம் ஆகும். ஸ்டாக்கிலேயே போட்டுக்கொண்டார். கட்டம் கொஞ்சமாக இருந்தால் அடங்கும். நடுத்தரமாக இருந்திருந்தால் பட்டையை மிதித்து மாட்டியிருப்பார். கிடங்குக்காரர்கள் கேட்டதுபோல் எல்லாக் கட்டத்தையும் கேட்டால், அட்டவணை அத்தனை பெரிதாகி, காவல் பட்டையை மிதிக்காமல் ஒரே தாண்டாகத் தாண்டி ஹீப்புக்குள் போய் விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்கியது. எண்ணி முடித்து, தன் வேலை சரியாக முடிந்ததென்று பதிலும் சொல்லிவிட்டுப் போய்விட்டது. பிறகு எப்போதோ ஹீப் தன் கணக்கைப் பார்க்க வந்து, அங்கே கணக்கு இல்லாமல் செத்தது. சின்னத் தப்பு செய்திருந்தால் பிடிபட்டிருக்கும். பெரிய தப்பு என்பதால் பிடிபடவில்லை.

மொட்டை மாற்றி எழுதியதும் நின்றது ஏன் என்பதும் புரிந்தது. சாமான்கள் இடம் மாறியதால் கொஞ்ச காலம் அந்தத் தாண்டல் வெற்றிடத்தில் விழுந்திருக்கிறது. கிடங்கில் ஆட்கள் கூடியதும் வெற்றிடம் நிரம்பியது. மறுபடி ஹீப்பின் கணக்கு மேலேயே விழுந்தது.

இன்னொன்றும் பார்த்தாள். பெரிய அட்டவணை போடும்போது ஒவ்வொரு அடியாகக் கால் வைத்துப் பார்த்துப் போகச் சொல்கிற ஒரு பாதுகாப்பு, மொத்தச் சர்வருக்கும் போடப்பட்டிருந்தது. மேலாளர் எழுதிய அந்த ஒரு கோப்புக்கு மட்டும் அதை அணைத்து வைத்திருந்தார்கள்.

"என்ன, ஆள் சிக்கிட்டானா?" என்று மொட்டை எட்டிப் பார்த்தான். திரையைப் படித்தான். மெல்ல விசிலடித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டான். "மோப்பம்... இந்தச் செங்கல்லை நான் எடுத்துட்டுப் போய் அந்த ரூம்ல வைக்கப் போறதில்லை. நீ வைக்கிறியா?"

அவள் எழுந்து மேலாளர் அறைக்குப் போனாள்.

மேலாளர் அவள் காட்டியதை முழுக்கப் பார்த்தார். நடுவே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. புரியாதவர்கள்தான் கேள்வி கேட்பார்கள்.

"இது அந்தக் காலத்துல எழுதினதும்மா. இவ்வளவு கட்டம் யாரு கேட்டா அப்ப?"

"பாதுகாப்பை ஏன் சார் அணைச்சு வெச்சீங்க? இந்த ஃபைலுக்கு மட்டும்."

"வேகம் குறையும். போட்டியில நாம ஜெயிக்கணுமா வேணாமா? அந்த வேகத்துலதான் உனக்கும் எனக்கும் சம்பளம் வருது."

"அந்த வேகத்துலதான் எங்க வீட்ல ஒருத்தர் வேலை போச்சு."

அவர் முகம் மாறவில்லை. ஒரு கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டதுபோல் குரல் மட்டும் மாறியது. "முதல்ல சரி பண்ணு. கிடங்குல ஆளுங்க வெயில்ல நிக்கிறாங்கன்னு நீதானே சொல்வே. மத்ததை அப்புறம் பேசலாம்."

வெயிலில் நிற்பவர்களைச் சொல்லி அவர் அவளை மடக்கிவிட்டார். அந்த ஒரு வாக்கியம் அவளிடம் வேலை செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சரி பண்ணினாள். பெரிய வித்தையில்லை. அட்டவணையை ஸ்டாக்கில் போடாமல், மற்றவர்களைப்போல் ஹீப்பிடம் போய்க் கேட்டு வாங்கச் சொன்னாள். முடிந்ததும் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள். அணைத்திருந்த பாதுகாப்பைப் போட்டாள். கிடங்கில் சர்வர் அதன்பிறகு விழாமல் ஓடியது. வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய அறிவிப்பில், 'நினைவக நிர்வாகம் மேலும் மேம்படுத்தப்பட்டுள்ளது' என்று எழுதியிருந்தது. மேம்படுத்துவதற்கு முன் அது யாரைக் கொன்றது என்று அதில் இல்லை. மொட்டையின் மேசையிலிருந்து செங்கல்லை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டார்கள். யார் மேசைக்கும் அது போகவில்லை. அந்த அலுவலகத்தில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. ஏனென்று யாரும் கேட்கவுமில்லை.

போன் வந்தபோது அவள் அந்த அறையில்தான் இருந்தாள். வேறு வேலையாகக் கூப்பிட்டிருந்தார். எதிர்ப்பக்கம் அத்தானின் பெயரைச் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. மேலாளர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆமா, இங்க வேலை பாத்தார். ஆமா, ஹீப் பகுதிதான்." எதிர்ப்பக்கம் இன்னொன்று கேட்டது. "போனவங்களைப் பத்தி நாங்க எதுவும் சொல்றதில்லைங்க. அது எங்க கம்பெனி விதி. நல்லதும் சொல்றதில்லை, கெட்டதும் சொல்றதில்லை. நீங்களே புரிஞ்சுக்குங்க."

வைத்துவிட்டார்.

"என் வாயால சொல்றேன்னீங்களே சார்."

"கெட்டதா ஒரு வார்த்தை சொன்னேனா? நீ பக்கத்துலதானே இருந்தே!"

அவள் வெளியே வந்து, படிக்கட்டில் நின்று, அந்தக் கம்பெனியின் எண்ணைக் கண்டுபிடித்துத் தானே போன் போட்டாள். தன் வேலையைச் சொன்னாள். பிழையைச் சொன்னாள். ஸ்டாக், காவல் பட்டை, தாண்டல், எண் வரிசை எல்லாவற்றையும் கோவையாகச் சொன்னாள். எதிர்ப்பக்கத்துப் பெண் பொறுமையாகக் கேட்டாள். ஒரு கட்டத்தில் எழுதிக்கொள்கிற சத்தம்கூடக் கேட்டது.

"ரொம்ப நன்றிங்க. ஒண்ணே ஒண்ணு. நீங்க அவருக்கு உறவா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு அதற்குப் பழகியிருக்கவில்லை. "அக்கா வீட்டுக்காரர்" என்றாள்.

எழுதுகிற சத்தம் நின்றது. "சரிங்க. நாங்க பாத்துச் சொல்றோம்" என்றாள் அந்தப் பெண். குரலில் மரியாதை குறையவில்லை. மரியாதை மட்டும்தான் மிச்சம் இருந்தது.

அத்தானுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. சேதி வந்த அன்றைக்கு அக்கா தட்டைக் கீழே வைக்கவே இல்லை. அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை. அவள் அத்தானுக்கு எதிரே உட்கார்ந்து நடந்தது முழுவதையும் சொன்னாள். மை ஏறிய விரலால் அவர் தரையில் கோடு போட்டுக்கொண்டே கேட்டார். ஸ்டாக் ஒரு பக்கம், பட்டை நடுவில், ஹீப் இந்தப் பக்கம்.

"பட்டையை மிதிக்கவே இல்லையா?"

"இல்லை அத்தான். மேலால போயிருக்கு."

"நான் பட்டையைத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். மிதிச்ச தடமே இல்லையேன்னு..." போட்ட கோட்டைத் தாண்டி விரலை வைத்து, "நல்லாப் புடிச்சே" என்றார்.

அவர் திட்டியிருந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

அடுப்பங்கரையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "இவ்வளவு தெரிஞ்சவ அந்த ஆபீஸ்ல நாலு பேரு முன்னாடி சொல்ல வேண்டியதுதானே! சமையக்கட்டுல வந்து எதுக்குச் சொல்றே? எனக்கென்ன வேலை கொடுக்கற அதிகாரமா இருக்கு?"

"விடு" என்றார் அத்தான்.

"ஏன் விடணும்? வேலை போகட்டும். அத்தனை பேர் பேய்னு சிரிச்சாங்கன்னு சொல்லி எத்தனை நாள் தூங்காம கிடந்தீங்க. அந்த அத்தனை பேருக்கும் தெரிய வேணாமா?"

அத்தான் இந்தத் தடவை விடு என்று சொல்லவில்லை. அவருக்கும் அதுதான் வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது.

வாராந்திரக் கூட்டத்தில் எல்லாரும் இருந்தார்கள். பேய் என்று சொன்னவன் இருந்தான். சிரித்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். மேலாளர் கிடங்குப் பிரச்சினை தீர்ந்ததைச் சொல்லி, "நம்ம மோப்பத்துக்கு ஒரு கைதட்டல்" என்றார். தட்டினார்கள். மொட்டை தட்டாமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காரணம் என்ன சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

"பழைய புரோகிராம்ல ஒரு சின்னச் சிக்கல்" என்றார் மேலாளர். பிறகு நேரே அவளைப் பார்த்தார். அவர் கண்ணில் பயம் இல்லை. அவள் வீட்டில் எத்தனை வாய், யார் சம்பாத்தியம் என்று கணக்குத் தெரிந்த கண். "வேற ஏதாவது சொல்லணுமாம்மா?"

சொல்ல வேண்டிய வாக்கியம் அவள் வாய் வரைக்கும் தயாராக வந்து நின்றது. நீளமானதுகூட இல்லை. அக்காவின் பெண்கள் இரண்டு பேரும் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இடுப்பு வலித்தது. இந்த வலியோடு வேறு எந்த நாற்காலி தன்னை ஏற்கும் என்று யோசித்தாள். இந்தக் கம்பெனியிடம் நாளைக்கு அவளைப் பற்றியும் யாராவது போனில் கேட்பார்கள். நல்லதும் சொல்வதில்லை, கெட்டதும் சொல்வதில்லை என்று இவர் சொல்வார்.

"இல்ல சார்" என்றாள்.

கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போனது.

அன்று சாயங்காலம் அத்தான் எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அந்தத் தப்பு அவருடையது இல்லை என்று, அத்தனை பேர் முன்னால் அவர் பெயரைச் சொல்லி அவள் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் அவருக்கு இன்னும் பாக்கி.